இடது பக்கம் வாய்க்கால்

டிரைவருக்கு முதுகில் கண் வேண்டியதில்லை, கண்டக்டர் வாயில் விசில் இருந்தால் போதும். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். பின்னால் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யாருடைய மூட்டை படியில் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் கண்டக்டர் பாடு. இருபத்தாறு வருஷம் இப்படியே ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிப் பழகிவிட்ட சென்னியப்பனுக்குச் சைக்கிளில் ஏறின பிறகும் கழுத்து திரும்பவில்லை. காலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரை மேல் ஏறியதிலிருந்து பார்வை முன்னாலேயே இருந்தது. பின்னால் மனைவி வசந்தாமணி வருகிறாளா என்று பார்க்கத் தோன்றவே இல்லை, அவள் டயர் மண்ணில் சரசரத்து வருகிற சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது, அதுவே போதுமாக இருந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பதினெட்டு வருஷமாகச் சைக்கிளில் போய் வருகிறவள், அவருக்குத்தான் தொடை வலித்ததே ஒழிய அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. கிளம்பும்போதே கேலிதான். "டிரைவர் சார், ஒரு மணி அடிச்சா நிக்கோணும், ரெண்டு மணி அடிச்சா போகோணும், சரிங்களா மாமா?" என்று சொல்லிவிட்டு டிங் டிங் என்று அடித்தாள், இவரும் சொன்னபடி மிதித்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கிறவனுக்கு எந்தப் பண்டிகையில் லீவு கிடைத்திருக்கிறது, ஆனால் இன்றைக்கு ஒன்றுமில்லாத ஒரு சனிக்கிழமை, முழு நாள் லீவு, கொடிவேரி அணை வரைக்கும் வாய்க்கால் கரையோடு போய்க் குளித்துவிட்டு மீன் தின்றுவிட்டுப் பொழுதோடு திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் திட்டம். யோசனை அவளுடையது. வாய்க்கால் தண்ணீரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றாள், கல்யாணமான நாளிலிருந்து ஆசையாம், முப்பது வருஷமாக இந்த ஆசையை எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தாளோ. டப்பா. கடலை, பலாப்பழம், டப்பா. மூன்றாவது எழுத்து ட.

க ப ட ந ர ச ம. கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டெப்போ டிரைவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அதைப் படித்துக் காட்ட வேண்டும், முதலில் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி. அட்டை வருஷா வருஷம் அதே அட்டைதான். கூட ஓட்டுகிற மாரப்பன் எப்போதோ எழுதிக்கொண்டு வந்துவிட்டான், இவருக்கும் ரகசியமாகக் கொடுத்தான், வெறும் எழுத்தாக இருந்தால் மறந்துவிடும் அண்ணா, தின்கிற சாமானாக்கிக்கொள் என்று வழியும் சொன்னான். கடலை, பலாப்பழம், டப்பா, நண்டு, ரவை, சட்னி, மல்லி. டப்பாவைத் தின்ன முடியாது, ஆனால் ‘ட’வில் வேறு என்ன இருக்கிறது? ரவைக்கு அப்புறம் சட்னியா, சட்னிக்கு அப்புறம் ரவையா, அந்த ஓரிடத்தில்தான் தினமும் சக்கரம் பதிந்துபோகிறது. ரவை உப்புமாவுக்குச் சட்னி, அப்படியானால் ரவைதான் முதலில். அப்படியே வைத்துக்கொள்ளலாம். வலது கண்ணுக்கு இந்தப் பாராயணம் எதுவும் வேண்டாம், அது கழுகு. இடது கண்தான் ஏழெட்டு மாதமாகப் பாலில் நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதோ, இடது கைப் பக்கம்தானே வாய்க்கால், காலையிலிருந்து கூடவே வருகிறது, சலசலப்பு கேட்கிறது, குளிர்ந்த காற்று முழங்கையில் படுகிறது, பாசி வாசனை மூக்குக்கு வருகிறது, ஆனால் கண்ணுக்கு அது வெள்ளையாக ஓடுகிற ஒரு வெளிச்சம் மட்டும். தலையை நன்றாகத் திருப்பினால் வலது கண் எட்டிப் பார்த்துச் சொல்லும், ஆமாம், தண்ணீர், தென்னை மர நிழல், நாணல். திருப்பாவிட்டால் வெளிச்சம்தான். அதுவும் ஒரு விதத்தில் நன்றாகத்தான் இருந்தது. யாரோ தம் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டே கூட வருகிற மாதிரி. வலது பக்கம் நடவு முடிந்த வயல், அதைத் தாண்டி மஞ்சள் போட்ட காடு, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு மிதிப்பதில் வஞ்சகமில்லாத ஒரு சந்தோஷம் இருந்தது. கரையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு தடம் விழுந்திருந்தது. இவர் வலது தடத்தில் போனார். அவள் இடது தடத்தை எடுத்துக்கொண்டாள், தண்ணீரைப் பார்க்க வந்தவள் அல்லவா. "மாமா, மீன்கொத்தி பாருங்க, அந்தக் கட்டைமேல, என்ன நீலம்!" என்று அவள் கூவினாள். "ஆமா அம்மிணி, பாத்தேன், நல்ல நீலம்" என்று சொன்னார் சென்னியப்பன், கழுத்தைத் திருப்பாமலேயே.

பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பே பழகியிருக்கலாம். வயிறு சரியில்லை என்று சொல்லி ஆறு மாதமாக இருட்டு டிரிப்புகளை மாரப்பனுக்குத் தள்ளிவிட்டாயிற்று. எதிர் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நடந்தது இருட்டில்கூட இல்லை, சாயங்காலம் ஆறு மணி கூட ஆகவில்லை, வெளிச்சம் நிறைய இருந்தது. அந்த வளைவில் புல்லுக்கட்டோடு ஒரு பொம்பளை இடது ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். போய்க்கொண்டிருந்தாள் என்று சொல்லக்கூட இவருக்கு உரிமை இல்லை, பார்த்தால்தானே சொல்ல. இடது பக்கக் கண்ணாடி புல்லுக்கட்டில் உரசியது, கட்டு அவிழ்ந்து பச்சைப் புல் முன் கண்ணாடி பூராவும் கொட்டியது, அதற்கப்புறம்தான் பிரேக். கட்டோடு போயிற்று, அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் நடு ரோட்டில் நின்று இவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் ஷாஜகான் இறங்கிப் போய்ப் புல்லைப் பொறுக்கிக் கொடுத்து, "எங்க டிரைவரு மாட்டுக்குத் தீனி வாங்கிட்டுப் போறாருக்கா" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார். இவரும் சிரித்தார். ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடை இடம் இல்லாதிருந்தால்? அதற்குமேல் நினைப்பு போகாது, போய் முட்டித் திரும்பி வரும், திரும்பி வந்து கடலையிலிருந்து ஆரம்பிக்கும். கடலை, பலாப்பழம், டப்பா, நண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி நண்டு ரசம் வைத்திருந்தாள். நண்டு வீட்டில் பொங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, ஓடு உடைக்க வேண்டும் என்றாலே அவளுக்கு எரிச்சல், என்ன தோன்றியதோ. புதன்கிழமை பலாச்சுளை. தின்னத் தின்ன அட்டையே வாய்க்குள் போகிற மாதிரி இருந்தது. ஆனால் ரசம் ரசம்தான், இரண்டு டம்ளர் குடித்தார்.

கொடிவேரியில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளையை எல்லாக் கண்ணும் வெள்ளையாகத்தானே பார்த்திருக்கும், அங்கே மட்டும் சென்னியப்பன் ஊரோடு ஒத்துப்போனார். தலையில் தண்ணீர் மொத்து மொத்தென்று விழுந்தபோது காதுக்குள் இருந்த எழுத்துகளெல்லாம் கரைந்து போயின. அப்படியே சாயங்காலம் வரை நின்றுவிடலாம் போலிருந்தது. வசந்தாமணி சேலையோடு தண்ணீருக்குள் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து சிரித்தாள். அவளை இப்படிப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. அப்புறம் மீன் வறுவல், மிளகாய் தூக்கலாக, ஓலை போட்ட கடையில். அவள் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்த புளிச்சோறு. தின்றுவிட்டு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தால் வயிறும் மனசும் ஒரே சமயத்தில் நிறைந்திருந்தது. இந்த நிறைவிலும் ஒரு மூலையில் மருதாசலம் வந்து நின்றார். நல்ல டிரைவர், சர்க்கரையில் பார்வை போய், வண்டியை விட்டு இறக்கி டெப்போவில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையில் போட்டார்கள். போகிற வருகிற டிரைவர் எல்லாம் அண்ணே அண்ணே என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், நின்றிருக்கிற பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பார்ப்பார். சென்னியப்பனுக்கும் ஸ்டீயரிங்கை விட்டால் வேறு என்ன தெரியும்? காலை நீட்டிப் படுத்திருக்கிற இப்போதும் வலது பாதம் இல்லாத பிரேக்கைத் தேடுகிறது. "என்ன மாமா யோசனை?" என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள். "ஒண்ணுமில்ல அம்மிணி, மீன் நல்லாருந்துச்சு." அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "ஆமாங்க, நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது வாய்க்கால் வலது பக்கம் வந்துவிட்டது. அடடா, இதையா காலையில் இவ்வளவு தூரம் பார்க்காமல் வந்தோம் என்றிருந்தது. தண்ணீருக்கு அடியில் மணல் வரி வரியாகத் தெரிந்தது, ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது, துவைக்கிற கல்லில் யாரோ மறந்துவிட்டுப் போன நீலச் சோப்புத் துண்டுகூடத் தெரிந்தது. ஒரு மதகுப் பக்கம் வந்ததும் பின்னால் ஒரு மணி அடித்தது, நின்றார். "பொன்னாங்கண்ணி கொழுகொழுன்னு நிக்குதுங்க, ரெண்டு கை பறிச்சுக்கறேன்" என்று அவள் கரையிறங்கிப் போனாள். சென்னியப்பன் மதகுக் கல்லில் ஒரு காலை ஊன்றி, சீட்டைவிட்டு இறங்காமல், ஸ்டாப்பில் ஆள் ஏற்றுகிற வண்டி மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. அவள் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். மீன் நன்றாயிருந்தது என்று சொன்ன வாய்க்கு அதையும் சொல்ல முடிந்திருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம், பின்னால் உட்கார்ந்திருக்கிறவரிடம் என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஷாஜகானிடம் அப்படித்தானே பாதி வாழ்க்கையைச் சொன்னது. பின்னால் மணி அடித்தது. டிங் டிங். இரண்டு. மிதித்தார். டயர் சத்தம் பின்னாலேயே வந்தது. இவரும் பேச ஆரம்பித்தார்.

"அம்மிணி, நா ஒண்ணு சொல்லோணும். குறுக்க பேசாத, பேசுனீன்னா எனக்கு நின்னு போயிரும்." பின்னால் பேச்சில்லை, டயர் சத்தம் மட்டும். நல்லது. "எனக்கு இடது கண்ணு தெரியறதில்ல. ஏழெட்டு மாசமாச்சு. வயிறு சரியில்லன்னு சொன்னதெல்லாம் சும்மா. அந்தப் புல்லுக்கட்டுக்காரி கதைய உங்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனே, அன்னிக்கு அவள நா பாக்கவே இல்ல அம்மிணி. ஒரு மனுசி போறா, எங் கண்ணுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அதுலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்புலயும் இடது பக்கம் ஆராச்சும் இருப்பாங்களோன்னு நெஞ்சு கெதக்குங்குது. திங்கக்கிழமை டெஸ்ட்டு. அட்டைய மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறன், பாசாயிருவன். பாசாயிருவன்னுதான் பயமாவும் இருக்குது." கடைசி வாக்கியம் இவருக்கே புதிதாக இருந்தது. இத்தனை நாளாக ஃபெயிலாகிவிடுவோம் என்றுதான் பயம் என்று நினைத்திருந்தார். சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, மிதிப்பதுகூட லேசானது. ஒரு மதகைத் தாண்டியாயிற்று, இன்னொரு பாலமும் வந்தது. அவள் இன்னும் பேசவில்லை. யோசிக்கிறாள், யோசிக்கட்டும். "என்ன சொல்லற?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமியது.

அன்றைக்கு முதல்முறையாகச் சென்னியப்பனின் கழுத்து முழுசாகத் திரும்பியது. இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிய சைக்கிளில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தலையில் உருமாலை, முகத்தில் சங்கடம். "நீங்க ஆருகூடவோ போன்ல பேசறீங்கன்னு நெனச்சனுங்க" என்றார் பால்காரர். "அந்த மதகுகிட்ட வழி உடச் சொல்லி மணி அடிச்சன், நீங்க முன்னாடியே கெளம்பீட்டீங்க. ரெண்டு பக்கமும் கேனு, தாண்டிப் போக எடமில்ல, ஊடால பேசவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல." சென்னியப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. சிரித்து மழுப்பலாமா, நாடகத்துக்கு ஒத்திகை என்று சொல்லலாமா என்றெல்லாம் ஒரு கணத்துக்குள் நினைப்பு ஓடியது. பால்காரர் காலை ஊன்றி நின்று ஒரு கேனின் மூடியை அழுத்திப் பார்த்தார், அது நன்றாகத்தான் மூடியிருந்தது. "நீங்க ஏழாம் நம்பரு டிரைவருங்களா? பாத்த முகமா இருக்குதேன்னு பாத்தன். எம்பட புள்ள அதுலதான் காலேஜுக்குப் போறாளுங்க. இடது பக்கம் மொத சீட்டு. சன்னலோரம் இல்லீன்னா அவளுக்கு வாந்தி வருமுங்க." இவ்வளவுதான் சொன்னார். கோபமில்லை, கேள்வியில்லை, கும்பிடு போட்டுவிட்டு, "அப்ப வரனுங்க, பால் சொசைட்டி மூடீருவாங்க" என்று பாலத்தின்மேல் ஏறி அக்கரைக்குப் போய்விட்டார். கண்ணுக்கு மறைகிறவரைக்கும் சென்னியப்பன் அந்த இரண்டு கேன்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும். இறங்கும்போது தினமும் "வரனுங்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகும் ஒரே ஆள். இடது பக்கம் முதல் சீட்டு.

அவளை விட்டுவந்த மதகுக்குத் திரும்பிப் போன இரண்டு கிலோமீட்டரும் சைக்கிளை மிதித்த மாதிரி இல்லை, அது தானாகப் போன மாதிரி இருந்தது. வாய்க்கால் மறுபடி இடது பக்கம் வந்துவிட்டது, மறுபடி வெறும் வெளிச்சம். இப்போது அந்த வெளிச்சத்தில் அழகு எதுவும் இல்லை. அதற்குள் யார் வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம். வசந்தாமணி மதகுக் கல்லில் உட்கார்ந்து, மடியில் கீரையைப் போட்டு முற்றலையும் இளசையும் தனித்தனியாக ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னுங்க டிரைவர் சார், பேசஞ்சர உட்டுப்போட்டுப் போயிட்டீங்க? மதகுத் தண்ணி எரைச்சல்ல நா கூப்புடக் கூப்புட ஓடறீங்க, பால்காரரு வேற பின்னாடியே ஓடறாரு" என்று சிரித்தாள். சென்னியப்பன் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். "அம்மிணி, எனக்கு இடது கண்ணு தெரியல." கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. "தெரியுமுங்க" என்றாள். "பத்து நாளாத் தூக்கத்துல கடலை, பலாப்பழம், டப்பா, நண்டுன்னு ஒப்பிச்சுட்டுக் கெடக்கறீங்க. பாவம் மனுசன் ஆசப்படறாருன்னு நானும் நண்டு வாங்கி ஒடச்சன், பலாப்பழம் வாங்குனன். தின்னுபோட்டு மறுபடியும் அதே பாட்டு. மாரப்பண்ணன் சம்சாரத்துகிட்டக் கேட்டன், கண்ணு டெஸ்ட்டு அட்டைன்னு சொன்னாங்க. அவங்க ஊட்லயும் தூக்கத்துல அதேதானாம், நண்டுக்குப் பதிலா நரியாம்." சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, தெரிகிற கண், தெரியாத கண் என்று பார்க்காமல் இரண்டும். "தெரிஞ்சா ஏன் சொல்லல நீ?" "நீங்க சொல்லோணுமுங்க மாமா. நா கண்டுபுடிச்சுச் சொன்னா அது திருட்டப் புடிச்ச மாதிரி. அதுக்குத்தான் இன்னிக்கு இப்பிடிக் கூட்டியாந்தன், எங்காச்சும் ஒரு மரத்தடியில சொல்லீருவீங்கன்னு." ஒரு பழுத்த இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். "காலையில மீன்கொத்தின்னு சொன்னனே, அங்க ஒண்ணுமே இல்லீங்க."

நல்ல நீலம் என்று சொன்னது இவர் வாய்தான். பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார். காலையில் அவள் இடது தடத்தை எடுத்துக்கொண்டது தண்ணீரைப் பார்க்க இல்லை, தண்ணீருக்கும் இவருக்கும் நடுவில் வருவதற்காக என்பது இப்போதுதான் புரிந்தது. பால்காரரைப் பற்றிச் சொன்னார், முதல் சீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். மருதாசலத்தைப் பற்றியும் சொன்னார். "வண்டிய உட்டு எறக்கீட்டாங்கன்னா நா என்ன பண்ணுவன் அம்மிணி?" வசந்தாமணி ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். கண்புரையாக இருந்தால் எடுத்துவிடலாம், வேறு எதுவாகவாவது இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். "எனக்கும் பயந்தானுங்க. ஆனா அந்தப் புள்ள சன்னலோரம் உக்காந்து பத்திரமாப் போகோணுமில்லீங்களா" என்றாள். "திங்கக்கிழம தெரியற வரைக்கும் படிக்கறன். அதுக்குக் கீழ தெரியலைன்னு சொல்லீர்றன்" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் கடலையிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். நண்டு வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் ரவையா சட்னியா என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டார்.

வெயில் மஞ்சளாகி வயல் மேல் சாய்ந்தபோது கிளம்பினார்கள். கீரையைத் தூக்குப்போசிக்குள் அமுக்கிக்கொண்டு, முந்தானையைச் சக்கரத்தில் மாட்டாதபடி இடுப்பில் செருகிக்கொண்டு, "நா முன்னாடி போறனுங்க, நீங்க பின்னாடி வாங்க" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் யாருக்கும் பின்னால் போய்ப் பழக்கமில்லை. பின்னால் நின்று பார்த்தால் எவ்வளவோ தெரிகிறது, அவள் குதிகால் வெடிப்பு, அணைக் குளியலில் நனைந்து இன்னும் காயாத பின்னல், கழுத்தோரம் நரைத்திருந்த நாலு முடி, அவளுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதற்கும் அந்தப் பக்கம் தென்னை. அவள் சீட்டில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றாள், நகரவில்லை. ஏன் நிற்கிறாள் என்று இவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கட்டைவிரலை வைத்து இரண்டு தரம் மணி அடித்தார். அவள் மிதித்தாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.